நன்றியின் திசை: விழாக்கால விளையாட்டும் வாழிப் பாடலும் – கிளிவெட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

1

தமிழிலக்கியத்தில் நன்றியுணர்வு பெற்றுள்ள இடம் பெரிது. திருக்குறள் அதற்கெனத் தனியதிகாரம் ஒன்றையே ஒதுக்கியுள்ளது. சங்கச் செய்யுட்களிற் கணிசமான பகுதி பெற்ற பரிசிலுக்குப் புலவர் உரைத்த நன்றியேயாகும். பிற்காலப் பிரபந்தங்களும் தனிப்பாடல்களும் இவ்வழியையே பின்பற்றின. ஆயினும், இந்நன்றி யாரிடமிருந்து யாரை நோக்கிச் செல்கிறது என்ற வினாவை எழுப்பும்போது ஓர் உண்மை புலனாகின்றது. புலவன் புரவலனுக்கும், மாணாக்கன் ஆசிரியனுக்கும், அடியவன் ஆண்டவனுக்கும் நன்றி கூறுகின்றனர். பெரும்பான்மையும் நன்றி கீழிருந்து மேல்நோக்கியே நகர்கின்றது. பெற்றவன் தாழ்ந்தும் கொடுத்தவன் உயர்ந்தும் நிற்கும் ஓர் உறவின் மொழியாகவே அது அமைந்துள்ளது.

அவ்வாறாயின், ஒரே தளத்தில் நிற்பவர்களின் நன்றி எங்கே உள்ளது? ஒன்றாக ஆடியவர், ஒன்றாகப் பாடியவர், எதிரெதிரே நின்று பொருதவர் ஆகியோர் ஒரு பண்டிகை நாளில் ஒருவருக்கொருவர் நன்றி பாராட்டும் கவிதை நம் மரபில் உண்டா? உண்டெனின் அதனை மதிப்பிடும் அளவுகோல் யாது? இவ்வினாக்களுக்கு விடைகாண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தகைய நன்றியின் இருப்பிடம் ஏட்டிலக்கியத்திலும் பார்க்க விழாக்கால விளையாட்டைச் சார்ந்த வாய்மொழி மரபிலேயே உள்ளது என்பதும், அம்மரபு நமது காலத்து வாழ்த்துப்பாக்களிலே திசை மாறிவிட்டது என்பதும் எமது கருத்தாகும்.

இதனைப் பொதுப்படப் பேசுவதிலும் ஒரு நிலத்தை முன்வைத்துப் பேசுதல் பயனுடைத்து. திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரிலிருந்து வெருகல் வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பாதையிற் கிளிவெட்டி அமைந்துள்ளது. நெல்வயல்களும், முத்துமாரியம்மன் கோயிலும், சித்திரை வருடப்பிறப்பின் ஆட்டபாட்டங்களும் அவ்வூரின் ஆண்டுச் சுழற்சியைத் தீர்மானித்து வந்துள்ளன. பழைய கொட்டியாபுரப் பற்றைச் சேர்ந்த இந்நிலம், பண்பாட்டு வகையில் வெருகலாற்றுக்குத் தெற்கேயுள்ள மட்டக்களப்புப் பிரதேசத்தோடு நெருங்கிய உறவுடையது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலயலாக வாழும் நிலம் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ‘உடன் ஆடுவோர்’ யார் என்னும் வினா இத்தகைய ஓர் ஊரிலே வெறும் இலக்கிய வினாவாக நின்றுவிடுவதில்லை.

2

முதலில் ஏட்டிலக்கிய மரபை நோக்குவோம். சமநிலையாளர் உறவுக்கு அதிற் சில கூறுகள் இல்லாமல் இல்லை. ஆற்றுப்படை அவற்றுள் முதன்மையானது. பத்துப்பாட்டிலே ஐந்து பாடல்கள் ஆற்றுப்படைகள். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் இத்துறைக்கு உரியோராகக் கூறும். வளம் பெற்று மீளும் கலைஞன், வழியிலே வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும் அதற்குச் செல்லும் வழியையும் எடுத்துரைக்கிறான். தொழில்முறைப் போட்டியாளனாகக் கருதத்தக்க ஒருவனுக்குத் தனது வாழ்வாதாரத்தின் இருப்பிடத்தையே காட்டிக்கொடுக்கும் இப்பண்பு வியத்தற்குரியது. பாணர் மரபின் வாய்மொழித் தன்மையையும் சமூக அடித்தளத்தையும் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் எமது வினாவுக்கு ஆற்றுப்படை தரும் விடை அரைகுறையானதே. அங்கு பக்கவாட்டிற் செல்வது உதவி. நன்றியோ மீண்டும் மேல்நோக்கி வள்ளலையே சென்றடைகின்றது. பசித்த பாணன் வழிகாட்டிய பாணனுக்கு என்ன கூறினான் என்பதை அப்பாடல்கள் நமக்குச் சொல்வதில்லை.

அடுத்துக் கவனிக்கற்பாலது சிறப்புப்பாயிரம். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யத் தகுதியுடையோர் நால்வர் என்று நன்னூல் வரையறுக்கின்றது. நூலாசிரியனின் ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், உரைகாரன் என்போரே அந்நால்வர். இவருள் உடன்கற்றவனுக்கு இடமளிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. தன்னோடு ஒரே திண்ணையில் அமர்ந்து கற்றவனின் ஆக்கத்தைப் பாராட்டும் உரிமையை இலக்கணமே ஒருவனுக்கு வழங்குகின்றது. ஆனால் நடைமுறை வேறு திசையிற் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சியந்திரம் பரவியபின் நூல்களின் முன்பக்கங்கள் சாற்றுகவிகளால் நிரம்பின. ஒருவர் நூலுக்கு மற்றவர் சாற்றுகவி வழங்குவதும், அவர் நூலுக்கு இவர் திருப்பி வழங்குவதும் ஒருவகைக் கைமாற்றாயிற்று. நூலின் குறிப்பான பண்பு எதனையும் கூறாது, எந்நூலுக்கும் பொருந்தக்கூடிய புகழ்மொழிகளை அடுக்குவதே பெருவழக்காயிற்று. இது சமநிலையாளர் உறவுதான், ஆயினும் நன்றியன்று. கடன் தீர்த்தலே ஆகும்.

சீட்டுக்கவியைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. அது வெளிப்படையாகவே புரவலனை நோக்கிய விண்ணப்பம். சமத்துவத்தைத் தமிழ்க் கவிதையின் மையப் பொருளாக்கிய பாரதியும் 1919இல் எட்டயபுர மன்னருக்குச் சீட்டுக்கவி எழுத நேர்ந்தது. அவ்வடிவத்திலும் அவன் கவிஞனின் பெருமிதத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும், வடிவம் தன்னுள்ளே கொண்டிருந்த சமூகவுறவை ஒரு தனிமனிதனின் பெருமிதம் மாற்றிவிட முடியவில்லை. இலக்கிய வடிவங்கள் வெறும் கொள்கலங்கள் அல்ல; அவை தாம் தோன்றிய காலத்து உறவுகளைத் தம்மோடு சுமந்து வருவன.

3

இனி வாய்மொழி மரபுக்கு வருவோம். கிழக்கிலங்கையின் விழாக்கால விளையாட்டுக்களில் இலக்கிய முக்கியத்துவம் மிக்கது கொம்புமுறி. கண்ணகை வழிபாட்டோடு இணைந்த இவ்விளையாட்டுப் பற்றிப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதலாக அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவினராவர். வலிய மரத்திலிருந்து வளைவாக வெட்டி எடுக்கப்பட்ட இரு கொம்புகள் ஒன்றோடொன்று கொளுவப்படும். அவற்றிற் பிணைத்த வடங்களை இரு சேரியாரும் எதிரெதிரே நின்று இழுப்பர். எவரது கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவராவர். கோவலனும் கண்ணகியும் பூக்கொய்தபோது அவர்தம் கொக்கத்தடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, இரு பக்கத்தாரும் இழுத்த கதையே இவ்விளையாட்டின் தோற்றமாகக் கூறப்படுகின்றது.

இவ்விளையாட்டு ஊமை விளையாட்டன்று. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் பாடல் உண்டு. ஒரு சேரியார் மறு சேரியாரை இழித்தும் பழித்தும் பாடுவர். மறு சேரியார் அதற்கு எதிர்ப்பாட்டுக் கட்டுவர். நாகரிகம் கருதி அச்சேறாத வசைகளும் இவற்றுள் உள்ளன. நாட்டாரிலக்கியத்தைத் தூய்மையின் இருப்பிடமாகக் காணவிரும்பிய சென்ற தலைமுறையினர் சிலர் இவ்வசைப் பாடல்களைக் காணாததுபோற் கடந்துசென்றனர். எமது நோக்கில் இவையே இம்மரபின் திறவுகோலாகும்.

வசை பாடுவதற்கு எதிரியை அறிந்திருத்தல் வேண்டும். அவனது பெயர், நடை, கஞ்சத்தனம், சென்ற ஆண்டு அவன் வடத்தைக் கைவிட்டு விழுந்த கோலம் முதலியனவெல்லாம் தெரிந்தவனே சுவையாக வசைபாட முடியும். அறியாதவனை வெறுக்க முடியும். ஆனால் அவனைப் பற்றி நல்ல வசைப்பாட்டுக் கட்ட முடியாது. ஆகவே வசையும் ஒருவகை அங்கீகாரமே. மற்றொன்றும் இங்கு நோக்கற்பாலது. வடத்தின் மறுமுனையை ஒருவரும் பிடிக்கவில்லையாயின் கொம்பு முறியாது. எதிர்ச்சேரி முழுப்பலத்தோடு இழுத்தாலன்றி இச்சேரியின் வெற்றிக்குப் பொருளில்லை. வென்றவனின் வெற்றியைத் தோற்றவனும் சேர்ந்தே உண்டாக்கினான். விளையாட்டின் உள்ளமைப்பே எதிரியைச் சகபாடியாக்கிவிடுகின்றது.

ஒல்லாந்தப் பண்பாட்டு வரலாற்றாசிரியர் யொகான் ஹொய்சிங்கா 1938இல் வெளியிட்ட விளையாட்டுப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலிலே, வசைப்போட்டியும் தற்புகழ்ச்சிப் போட்டியும் பல பண்பாடுகளிற் கவிதையின் தொட்டிலாயிருந்தன என்று காட்டினார். இஸ்லாத்துக்கு முற்பட்ட அராபியரிடையேயும் வடதுருவத்து எஸ்கிமோவரிடையேயும் இத்தகைய போட்டிகள் நிலவியமையை அவர் எடுத்துக்காட்டுகிறார். எஸ்கிமோவரிடையே இரு பகைவர் ஊரார் முன்னிலையில் மாறிமாறி வசைபாடித் தம் வழக்கைத் தீர்த்துக்கொண்டனர். பாட்டு முடிந்தால் பகையும் முடிந்தது. கொம்புமுறியின் அமைப்பும் இதனையொத்ததே. விளையாட்டின் சூட்டைத் தொடர்ந்து கண்ணகை கோயில்களிற் குளிர்த்திச் சடங்கு நிகழ்கின்றது. மதுரையை எரித்த சினம் தணிந்து அம்மன் குளிர்வதே அதன் சடங்குப் பொருள். ஆனால் குளிர்வது அம்மன் மட்டுமன்று. ஒருவரையொருவர் ஏசித் தீர்த்த இரு சேரியாரும் ஒரே சந்நிதியில் ஒன்றாக நின்று குளிர்கின்றனர். குளிர்த்தி வடசேரிக்கெனத் தனியாகவும் தென்சேரிக்கெனத் தனியாகவும் பாடப்படுவதில்லை.

இவ்விடத்தில் வாழி வந்து சேர்கின்றது. வசந்தன், கூத்து முதலிய கிழக்கிலங்கை ஆற்றுகை வடிவங்கள் வாழியோடும் மங்களத்தோடும் நிறைவெய்துவது மரபு. 1940ஆம் ஆண்டில் தி. சதாசிவ ஐயர் பதிப்பித்த ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ இத்துறையில் முன்னோடித் தொகுப்பாகும். கூத்து மரபைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்ததும், பேராசிரியர் சி. மௌனகுரு அதனை ஆராய்ந்து ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என நூலாக்கியதும் நாமறிந்தவை. ஆனால் அவ்வாய்வுகளிலே கதை, ஆட்டம், தாளக்கட்டு ஆகியன பெற்ற கவனத்தை இறுதி வாழி பெறவில்லை. அது சம்பிரதாயமான முடிவுரை என்றே கருதப்பட்டது.

வாழி சம்பிரதாயந்தான். தெய்வம் வாழ்க, மழை பொழிக, நெல் பெருகுக, பசுக்கள் பல்குக, ஊர் தழைக்க, கேட்டோர் வாழ்க என்னும் பாங்கில் அது வளர்ந்து செல்கின்றது. ஆயினும் அது நிகழும் வேளை கவனத்துக்குரியது. இரவெல்லாம் அரசனாயும் அசுரனாயும் நின்றவர்கள் விடியற் பொழுதிற் களரியில் ஒன்றாக நின்று அதனைப் பாடுகின்றனர். சற்றுமுன் ஒருவரையொருவர் கொன்றவர்கள் ஒரே குரலாகின்றனர். பாடுவோருக்கும் பாடப்படுவோருக்கும் இடையில் இங்கு மேல் கீழ் இல்லை. பாடுவோரும் ஊரவர், வாழ்த்துப் பெறுவோரும் ஊரவர். கேட்பதற்கு எதுவும் எஞ்சாத வேளையிற் பாடப்படுவதால், இந்நன்றியுள் விண்ணப்பம் எதுவும் கலப்பதில்லை. சீட்டுக்கவிக்கும் வாழிக்குமுள்ள அடிப்படை வேறுபாடு இதுவேயாகும்.

4

இம்மரபைப் பொற்காலமாகக் கொண்டாடுதல் எமது கருத்தன்று. வாழியின் சமத்துவம் எல்லைக்குட்பட்டது. கூத்தும் கோயிற் சடங்கும் நிலவுடைமை உறவுகளுக்குள்ளே வளர்ந்தவை. போடியாரின் ஆதரவின்றிப் பல ஊர்களிற் களரி எழுந்திராது. வாழ்த்தின் அடுக்கிலே செல்வாக்குடையோர் முன்னே நிற்பதும், ‘ஊரவர்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் மற்றெல்லோரும் அடங்கிவிடுவதும் இயல்பாயின. கொம்பு கொளுவப்பட்டபோது பறை முழக்கியவரும், சடங்குக்கு வெள்ளை விரித்தவரும் அவ்விழாவின் இன்றியமையாத உழைப்பாளர்கள். அவர்களின்றி விளையாட்டுத் தொடங்கவே முடியாது. ஆனால் சாதியமைப்பு அவர்களது பங்கைத் ‘தொண்டு’ என வகுத்து, ஆடுவோர் வரிசையிலிருந்து விலக்கி வைத்தது. உழைப்பைக் கடமையாக்கிவிட்டால் அதற்கு நன்றி கூறவேண்டிய தேவை இல்லாமற் போகின்றது. நன்றியின் எல்லையைக் கொண்டு ஒரு சமூகத்தின் எல்லையை அளக்கலாம் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பெண்களின் நிலையும் இவ்வாறே. கொம்புமுறியிலும் கூத்திலும் ஆடுகளம் ஆடவருடையது. பெண்களுக்கு எஞ்சியது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய ஊஞ்சல். ஆயினும், எமது வினாவுக்கு மிகத் தெளிவான விடை அவ்வூஞ்சலில் உள்ளது எனலாம். ஊஞ்சலில் ஒருத்தி அமர, மற்றவள் ஆட்டிவிடுகிறாள். பின்னர் அமர்ந்தவள் இறங்கி ஆட்டிவிட, ஆட்டியவள் அமர்கிறாள். கொடுப்பவளும் பெறுபவளும் இடம் மாறிக்கொண்டேயிருப்பதால், நன்றி இங்கு ஒரு திசையில் உறைந்து நிற்க முடிவதில்லை. பாட்டும் மாறிமாறியே பாடப்படுகின்றது. கிளித்தட்டு விளையாட்டிலும் இப்பண்பைக் காணலாம். இவ்வாட்டத்தில் மறித்து நின்றவர் அடுத்த ஆட்டத்தில் ஊடுருவிச் செல்பவராவர். எதிரியின் இடத்தில் நாளை நாம் நிற்கவேண்டும் என்னும் அறிவு விளையாட்டின் விதியாகவே அமைந்துவிட்டது. வருடப்பிறப்பன்று பெரியோர் இளையோருக்கு வழங்கும் கைவிசேடம் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்கின்றது. அதே நாளின் விளையாட்டு அவ்வுறவைச் சற்றுநேரம் இடைநிறுத்தி, எல்லோரையும் ஒரே தரையில் நிறுத்துகின்றது.

5

இம்மரபின் இன்றைய வாரிசு யாது? ஊர்கள்தோறும் விளையாட்டுக் கழகங்களும் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் தைப்பொங்கலையும் சித்திரை வருடப்பிறப்பையும் ஒட்டி விளையாட்டு விழாக்களை நடத்துகின்றன. அவற்றையொட்டிச் சிறப்பு மலர்களும் வெளிவருகின்றன. அம்மலர்களில் ஒரு வாழ்த்துப்பாவும் ஒரு நன்றியுரையும் தவறாது இடம்பெறும். பெரும்பாலும் அறுசீர் அல்லது எண்சீர் விருத்தத்தில் அமையும் இவ்வாழ்த்துப்பாக்கள் இலக்கிய விமரிசகரின் கவனத்தைப் பெற்றதில்லை. ஆனால் நமது சமூகத்தில் மிகப் பலரால் எழுதப்பெற்று மிகப் பலரால் வாசிக்கப்பெறும் கவிதை வகை இதுவாகவே இருத்தல் கூடும். ஆகவே இதனைப் புறக்கணித்தல் பொருந்தாது.

இவற்றின் அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. முதலில் தமிழன்னை, அடுத்துப் பிரதம விருந்தினர், பின்னர் சிறப்பு விருந்தினர், நிதியுதவியோர், அதிபர், அதிகாரிகள். இறுதியில், பந்தலிட்டவர்களுக்கும் கோடு கீறியவர்களுக்கும் ஓடியவர்களுக்கும் இழுத்தவர்களுக்கும் விழுந்தவர்களுக்கும் உரியதாக ‘மற்றும் பலர்’ என்னும் தொடர் எஞ்சுகின்றது. ஒரு மணிநேரம் வந்திருந்தவர் நான்கடிகள் பெறுகின்றார். ஒரு மாதம் உழைத்தவர்கள் இரு சொற்களுக்குள் அடங்குகின்றனர். தோற்ற அணியைப் பற்றி ஓர் அசையும் இல்லை. பழைய கொம்புமுறிக் களத்தில் எதிரி தன் பெயரோடு வசையாவது பெற்றான். இன்றைய வாழ்த்துப்பாவில் அவன் பெயரும் இல்லை, வசையும் இல்லை.

இதனை எழுதுவோரின் ஆற்றற் குறைபாடாகக் கொள்வது மேலோட்டமான முடிவாகும். காரணம் சமூகவுறவில் உள்ளது. விழாவுக்கான வளம் ஊருக்குள்ளிருந்து, பலரது சிறு பங்களிப்பாக வந்த காலத்தில் வாழி ஊரை நோக்கிப் பாடப்பட்டது. வளம் வெளியிலிருந்து, ஒருசிலரது கையினூடாக வரத் தொடங்கியதும் வாழ்த்தும் அவர்களை நோக்கித் திரும்பியது. அடுத்த ஆண்டின் நிதி இவ்வாண்டின் வாழ்த்துப்பாவிலே தங்கியுள்ளது. வாழி மறைந்து சீட்டுக்கவி மீண்டும் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறியுள்ளது.

6

இப்போக்கின் பாரதூரத்தைக் கிளிவெட்டி போன்ற ஊர்களின் அண்மைய வரலாறு உணர்த்துகின்றது. 1980களின் வன்செயல்களால் இப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. கிளிவெட்டிக்கு அயலிலுள்ள குமாரபுரத்திலே 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி இராணுவத்தினரால் 20இற்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். 2006இல் மீண்டும் மூண்ட போரில் மூதூர் முஸ்லிம் மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்களும் தம் நிலத்தை இழந்தனர். அவர்களுட் பலர் பின்னர் கிளிவெட்டியில் அமைந்த இடைத்தங்கல் முகாமிலே ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. இடம்பெயர்ந்த ஊர், பிறர் இடம்பெயர்ந்து வந்து தங்கிய ஊருமாயிற்று.

இத்தகைய சூழலில் விளையாட்டுக்கு நேர்வது என்ன? வடத்தின் மறுமுனையைப் பிடிக்கவேண்டியவர்கள் எங்கே எனத் தெரியாத நிலை தோன்றுகின்றது. சிலர் இறந்தனர்; சிலர் வேற்றூர் முகாம்களில் இருந்தனர்; சிலர் கடல்கடந்தனர். வாழியில் ‘ஊர்’ என்ற சொல்லுக்கு உரியோர் களரியில் இல்லாதபோது அப்பாடலை யாரை நோக்கிப் பாடுவது? மரபுக் கலைகள் அருகியமைக்குத் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் காரணங் காட்டுவது வழக்கம். கொட்டியாபுரத்தைப் பொறுத்தவரை, உடன் ஆடுவோர் சிதறியமையே அவற்றிலும் வலிய காரணம் என்பது எமது துணிபு.

அதேவேளை, முகாம் வாழ்வு நன்றியை வேறொரு கடப்பாடாக்கியது. நிவாரணம் பெறுபவர் நன்றி கூறவேண்டும். கையளிப்பு வைபவத்தில் நன்றியுரை நிகழவேண்டும். கொடுத்தவரின் பெயர் பலகையிற் பொறிக்கப்படவேண்டும். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்சல் மோஸ் 1925இல் வெளியான கொடை பற்றிய தமது ஆய்விலே, திருப்பிக் கொடுக்கவியலாத கொடை பெற்றவனைத் தாழ்த்துகின்றது என்று காட்டினார். தமக்கு உரிமையாயிருந்த நிலத்தையும் கடலையும் இழந்தவர்கள், அவ்விழப்புக்கு ஈடாகாத ஒரு பொதிக்காக நன்றி பாடவேண்டியிருந்தமை இக்கூற்றுக்கு வலிய சான்றாகும். உரிமையாகக் கிடைக்கவேண்டியதைக் கொடையாகப் பெறச் செய்வதும், அதற்கு நன்றியை எதிர்பார்ப்பதும் அதிகாரத்தின் நுண்ணிய வடிவங்கள். ஆனால் அம்முகாம்களில் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டதும், ஒரு கிணற்றைப் பலர் பகிர்ந்துகொண்டதும் எப்பலகையிலும் பொறிக்கப்படுவதில்லை. அவற்றுக்குரிய நன்றிக்கவிதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

மற்றொரு பரிமாணமும் உண்டு. சித்திரை வருடப்பிறப்புத் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவானது. கொம்புமுறியும் அவ்வாறே, சிங்களவரிடையே ‘அங்கெலிய’ என்னும் பெயரில், உடுபில, யட்டிபில என்னும் இரு கட்சிகளோடு, பத்தினித் தெய்வத்தை முன்னிறுத்தி அவ்விளையாட்டு நிகழ்ந்து வந்துள்ளது. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரே தெய்வத்தின் பெயரால், ஒரே விதிகளோடு, ஒரே வகை வசைகளோடு இரு மக்கள் ஆடிய விளையாட்டு இது. மூதூர், தோப்பூர் முஸ்லிம் மக்களும் சேருவில சிங்கள மக்களும் கிளிவெட்டித் தமிழ் மக்களும் ஒரே நீரை வயலுக்குப் பாய்ச்சி, ஒரே சந்தையிற் பொருள் மாற்றி வாழ்பவர்கள். இப்பிரதேசத்தில் எழும் ஒரு விழாக்கால வாழ்த்துக்கவி ‘நம்மவர்’ என்னும் சொல்லை எவ்வளவு தூரம் விரிக்கின்றது என்பதை இலக்கிய மதிப்பீட்டினின்றும் பிரித்தல் இயலாது. இதன் பொருள், நடந்த கொடுமைகளை மறந்து பொய்யான ஒற்றுமை பாடுதல் அன்று. கொம்புமுறி மரபு காட்டும் வழியும் அதுவன்று. அங்கு வசை முதலிற் பாடப்படுகின்றது; குளிர்த்தி அதன் பின்னரே வருகின்றது. உண்மையைச் சொல்லாது பாடப்படும் வாழி வெறும் சடங்காகவே முடியும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து, சகபாடிகளை நோக்கிய விழாக்கால நன்றிக்கவிதையை மதிப்பிடச் சில அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, அது பெயரையும் செயலையும் சொல்லவேண்டும். ‘மற்றும் பலர்’ என்பது நன்றியன்று. நன்றியைத் தவிர்க்கும் உத்தி. இரண்டாவது, அதனுள் விண்ணப்பம் மறைந்திருத்தல் கூடாது. அடுத்த உதவியை நோக்கி எழுதப்படும் நன்றி, சீட்டுக்கவியின் திரிந்த வடிவமே. மூன்றாவது, அது எதிரணியையும் உள்ளடக்கவேண்டும். தோற்றவனுக்கும் நன்றி கூறாத கவிதை விளையாட்டின் அடிப்படையையே அறியாதது. நான்காவது, நகைச்சுவைக்கும் செல்ல வசைக்கும் அது இடமளிக்கவேண்டும். புகழ்ச்சி மட்டுமே நிரம்பிய வாழ்த்து, உறவின் தூரத்தையே காட்டும். ஐந்தாவது, பழைய வாழி விட்டுவிட்டவர்களை, அதாவது பறை முழக்கியவரையும் அடுப்படியில் நின்ற பெண்களையும் அயலூரவரையும், அது தேடிச் சென்று சேர்க்கவேண்டும். மரபிலிருந்து நாம் பெறவேண்டியது அதன் திசையை; அதன் எல்லையை அன்று.

இவ்வளவுகோல்கள் ஊர்க்கழக மலர்களுக்கு மட்டும் உரியனவல்ல. இன்று இளந்தலைமுறையினர் கணினியிலும் கைபேசியிலும் விளையாடுகின்றனர். தாம் ஆடும் ஆட்டங்களைப் பற்றித் தமக்குள் எழுதிக்கொள்கின்றனர். முகமறியாத சகபாடிகளுக்குப் பண்டிகை நாளில் வாழ்த்தும் நன்றியும் கவிதையாக எழுதுகின்றனர். இதனை அற்பமானதெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால், கடல்கடந்து சிதறிய ஒரு சமூகத்தில், ஊரில் இருக்கும் ஒருவனும் வேற்று நாட்டில் இருக்கும் ஒருவனும் எதிரெதிரணியில் நின்று ஆடமுடிகின்றது என்பது அற்பமானதன்று. வடம் நீண்டுவிட்டது, மறுமுனையில் ஒருவன் இன்னும் இழுக்கிறான். அவனை நோக்கி எழுதப்படும் நாலுவரி நன்றி, யாப்பிற் குறைபாடுடையதாயினும், எதனையும் வேண்டாது சமநிலையில் நின்று பாடப்படுமாயின், அது வாழி மரபின் உண்மையான தொடர்ச்சியாகும். யாப்புச் சற்றும் வழுவாது புரவலரை நோக்கி எழுதப்படும் எண்சீர் விருத்தத்துக்கு அவ்வுரிமை இல்லை.

நமது விமரிசனம் பேரிலக்கியங்களையும் புகழ்பெற்ற படைப்பாளிகளையுமே பெரிதும் சுற்றி வந்துள்ளது. ஒரு சமூகம் தனக்குள் எவ்வாறு நன்றி கூறிக்கொள்கின்றது என்பதை அறிய, அதன் காவியங்களோடு அதன் வாழ்த்துப்பாக்களையும் படித்தல் வேண்டும். கொட்டியாபுரத்தின் ஊர்களில் இன்னும் எஞ்சியிருக்கும் வாழிகளையும் ஊஞ்சற் பாடல்களையும் வசைக்கவிகளையும் பாடுவோர் இருக்கும்போதே தொகுத்தல் அவசரப்பணி. தொகுப்போர் வசையை நீக்கி வாழியை மட்டும் எடுத்துக்கொள்ளாதிருத்தல் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே அம்மரபு. எதிரே நின்றவனை அறிந்து ஏசியவர்களே அவனை அறிந்து வாழ்த்தவும் வல்லவராயிருந்தனர் என்பது அத்தொகுப்பினால் மேலும் துலங்கும்.